பதில்: பொங்கல் லீவ் நாலு நாளும் டிவி, போன்லயே போயிடுது, என்ன பண்றது?

வணக்கம் சிஸ்டர், பெங்களூர்ல இருந்து கோபிசெட்டிபாளையம் பக்கம் அம்மா வீட்டுக்கு வர்றீங்க, பசங்க போனோட மூலைல ஒக்காந்துக்கறாங்க, நீங்களும் உங்க அம்மாவும் அடுப்படிய விட்டு வெளிய வர்றதே இல்லன்னு எழுதியிருந்தீங்க. படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சுங்க.

போன புடுங்காதீங்க, சண்டைதான் வரும். அதுக்கு பதிலா போகி அன்னிக்கே பசங்கள அப்புச்சியோட, அதான் உங்க அப்பாவோட, அனுப்பிடுங்க. பூவும் தழையும் சேத்து வீட்டுல கட்டுற காப்புக் கட்டு நம்மூர்ல இன்னும் இருக்கே, பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலைன்னு சந்தைல கட்டு கட்டா விக்கிறத வாங்காம காட்டோரம் போய் அவங்களே பறிக்கட்டும், பூளைப்பூ வெள்ளையா பஞ்சாட்டம் கையில ஒட்டும், சின்னதுக்கு ரொம்ப புடிக்கும். வாசல் எறவாணம், மாட்டுக் கொட்டாய், தோட்டம்னு எல்லா எடத்துலயும் பெரியவனே ஏறிக் கட்டட்டும், கூட ஆள் நின்னா போதும்.

பொங்கலன்னிக்கு பானை கழுத்துல மஞ்சக்கொத்து கட்டுறது, பச்சரிசி ஒரு படிக்கு பாசிப்பருப்பு கால் படின்னு அளந்து போடுறது எல்லாம் பசங்க வேலை. கீழ கொஞ்சம் சிந்துனா சிந்தட்டும், அம்மாட்ட முன்னாடியே சொல்லி வச்சிருங்க.

முக்கியமா சமையல கொறைங்க. மாட்டுப்பொங்கலுக்கு பத்து ஐட்டம் எதுக்குங்க? உங்க அண்ணன், வீட்டுக்காரரெல்லாம் காய் நறுக்கட்டும். காணும் பொங்கலன்னிக்கு பூப்பறிக்கப் போறப்ப அம்மாவயும் கூட்டிட்டுப் போங்க, அவங்க சின்ன வயசுல கும்மியடிச்சுப் பாடுன பாட்ட பாடச் சொல்லி பெரியவன் போன்லயே ரெக்கார்ட் பண்ணச் சொல்லுங்க.