இடறும் குதிரைக்கு அவசரப்பட்டு ஊசி போடாதீர்கள்

கேள்வி: எங்கள் குதிரைக்கு வயது 17. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாங்கி, தடை தாண்டப் பழக்கினோம். இரண்டு மாதங்களில் மூன்று முறை இடறிவிட்டது. ஒருமுறை தடையைத் தாண்டி இறங்கும்போது முன்முழங்கால் மண்ணில் பட்டது. முன்னங்கால் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. மூட்டில் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் வாங்கித் தந்த தரகர். மகள்தான் சவாரி செய்கிறாள். என்ன செய்வது?
— கோவை வாசகர்

பதில்: காரணம் தெரியும்வரை மகளை ஏற்றாதீர்கள். சுமார் 500 கிலோ எடையுள்ள விலங்கு குப்புற விழுந்தால், மேலிருப்பவர் உருண்டு விலக நேரம் இருக்காது.

லாடம் மாற்றி எத்தனை வாரம் ஆகிறது? ஐந்தாறு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கி மாற்ற வேண்டும். நம் ஊரில் லாடம் தானாகக் கழன்று விழும்வரை விட்டுவிடுகிறார்கள். குளம்பின் முனை நீண்டு குதிப்பக்கம் (குளம்பின் பின்புறம்) தாழ்ந்தால் கால் தாமதமாகத்தான் தரையை விட்டு எழும். முனை மண்ணில் தட்டும். குதிப்பக்கம் வலிக்கும் குதிரையும் முனையைத்தான் முதலில் ஊன்றும். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். தசைநாரில் உள்ள கோளாற்றைக் காட்டாது. 'எக்ஸ்ரே சுத்தம்' என்பதை நம்பி நிம்மதியடைய வேண்டாம்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது கழுத்து. வயதான குதிரைக்குக் கழுத்தின் கீழ்ப்பகுதி எலும்புகளில் தேய்மானம் வந்து தண்டுவடத்தை அழுத்தலாம். அப்போது வலி தெரியாமலே, கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வு குறையலாம். மருத்துவர் குதிரையைச் சிறு வட்டத்தில் திருப்புவார், தலையைத் தூக்கிப் பிடித்துச் சரிவில் இறக்குவார், நடக்கும்போது வாலைப் பக்கவாட்டில் இழுப்பார். திரும்பும்போது வெளிப்பக்கப் பின்னங்கால் அகலமாக வீசினால், வாலை இழுத்ததும் உடல் எளிதாகச் சாய்ந்தால், நரம்புக் கோளாறு என்று சந்தேகிக்க வேண்டும். அப்படியானால் இனி அதன்மேல் யாரும் ஏறக்கூடாது. கூடவே, இதேபோல் தடுமாற்றம் தரக்கூடிய சர்ரா நோய்க்கு ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். உண்ணி அல்ல, கடிக்கும் ஈக்கள் பரப்பும் நோய் அது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. குதிரை நின்றபடி தூங்கும் என்பது பாதி உண்மை. ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். மூட்டு வலியால் எழ முடியாது என்று பயந்தாலோ, லாயம் குறுகலாக இருந்தாலோ பல நாட்கள் படுக்காமலே இருந்துவிடும். பிறகு நின்றபடியே கண் செருகி, முன்னங்கால் மடங்கி, திடுக்கிட்டு எழும். முன்னங்காலின் கணுமூட்டில் முன்பக்கம் ரோமம் உதிர்ந்து, பழைய சிராய்ப்புகள் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். காலையில் வயிற்றிலும் விலாவிலும் வைக்கோலோ சாணமோ ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒட்டியிருந்தால் இரவில் படுத்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் லாயத்தில் இரவு முழுதும் கேமரா வையுங்கள். சவாரியில் இடறுவதற்கு இதுவே முழுக் காரணம் ஆகாது. ஆனால் படுக்கவிடாத வலி எங்கே என்று தேட வழி காட்டும்.

தரகர் விஷயத்துக்கு வருகிறேன். காரணம் தெரியாமல் மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி வலியை மறைக்கும், விழுவதைத் தடுக்காது. விற்பதற்கு முன் குளம்பின் நரம்பையே வெட்டிவிடும் ஆட்களும் உண்டு. நொண்டல் மறையும், குதிரை 'நல்ல குதிரை' ஆகிவிடும், மரத்த காலோடு தடை தாண்டும்! சர்வதேசப் போட்டிகளில் இப்படி உணர்விழந்த காலோடு குதிரையை இறக்கத் தடை உண்டு. நம் கைக்கு வரும் குதிரைகளை யார் பார்க்கிறார்கள்? எத்தனை ஊசி போட்டார்கள் என்ற குறிப்பேடுகூட விற்பனையோடு வருவதில்லை. இந்த அலட்சியத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். குளம்புக்கு மேலே, காலின் பின்பக்க இருபுறமும் சிறு தழும்புகள் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேனா முனையால் குதிச்சதையை அழுத்தியும் கால் அசையவில்லை என்றால் சந்தேகிக்கலாம்.

உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் இதற்கெல்லாம் வசதி இருக்காது. குதிரைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரைத் தேடுங்கள். முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று கெட்டித் தரையில் நடக்கும் வீடியோவும் லாடம் அடித்த தேதிகளும் கையில் இருக்கட்டும். அவர் வரும்வரை வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அவர் தேடும் அறிகுறி மறைந்துவிடும்.