நெல், காப்பீடு, பிஆர்எஸ்: சித்தூர் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பாடசேகர சமிதியின் (நெல் விவசாயிகள் சங்கம்) கணக்கைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். நெல் கொள்முதல், பயிர்க் காப்பீடு இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை எல்லாம் வக்கீலிடம் போகட்டும்.

வண்டித்தாவளத்திலிருந்து: அறுப்புக்கு முன்னால் மழையில் என் வயல் மொத்தமும் சாய்ந்து முளைத்துவிட்டது. பிரீமியம் கட்டியிருந்தும் பைசா வரவில்லை. நல்லா விளைந்த இன்னொரு பஞ்சாயத்துக்காரருக்குப் பணம் வந்திருக்கிறது. இது என்ன கூத்து?

கூத்து இல்லைங்க, திட்டமே அப்படித்தான். 2016-இல் வந்த மத்திய அரசின் பயிர்க் காப்பீடான பிரதமர் ஃபசல் பீமா உங்கள் வயலைக் காப்பீடு செய்வதில்லை, அறிவிக்கை செய்த பகுதியைத்தான் செய்கிறது. அந்தப் பகுதியில் குலுக்கல் முறையில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, சின்னதாக ஒரு சதுரம் அளந்து, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அதுதான் அந்தப் பகுதி முழுவதற்கும் இந்தப் பருவத்து விளைச்சல். கடந்த ஏழு வருடத்தில் நல்லா விளைந்த ஐந்து வருடத்தின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை வரம்பாக வைத்திருப்பார்கள். ஏக்கருக்கு 2,000 கிலோ வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனை அறுவடையில் 1,600 வந்தால் குறைவு 20 சதவீதம். காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம் எல்லோருக்கும் கிடைக்கும், நல்லா விளைந்தவருக்கும் சேர்த்து. சோதனையில் 2,050 வந்துவிட்டால் உங்கள் வயலில் ஒரு மணி இல்லாவிட்டாலும் கணக்குப்படி நஷ்டம் இல்லை.

தனி வயலுக்கென்று சில கதவுகளும் உண்டு. ஆலங்கட்டி மழை, மண்சரிவு மாதிரி உள்ளூர் சேதம் ஒன்று. அறுத்துப் பரப்பிய நெல் 14 நாளுக்குள் புயல், பருவம் தப்பிய மழையில் கெட்டுப்போவது இன்னொன்று. இரண்டிலும் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். 14447 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், செயலியிலும் பதியலாம். வயல் நீரில் மூழ்குவதை 2018-இல் நெல்லுக்கு எடுத்துவிட்டார்கள். 2026 காரிஃபிலிருந்து (மழைக்காலப் பயிர்ப் பருவம்) அதைத் திரும்பச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. எட்டு வருடம் ஏன் வெளியே வைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். தண்ணீரில் நிற்கும் பயிர் தண்ணீரால் சாகாது என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும்.

அப்புறம், கேரள அரசின் சொந்தப் பயிர்க் காப்பீடு தனி. அதில் கிருஷி பவன் (வேளாண் அலுவலகம்) ஆள் உங்கள் வயலுக்கே வந்து பார்ப்பார். நட்ட சில வாரத்துக்குள் பிரீமியம் கட்ட வேண்டும். நம் பக்கத்தில் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றை விட்டுவிடுகிறார்கள்.

எருத்தேம்பதியிலிருந்து: விவசாயக் கடன் வாங்கினேன். என்னைக் கேட்காமலே காப்பீட்டுக்குப் பிடித்துவிட்டார்கள்.

2020 காரிஃப் முதல் கடன்காரருக்கும் கட்டாயம் இல்லை. ஆனால் வேண்டாம் என்பதைக் கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று பிடிப்பார்கள். பிடித்ததுதான் பிடித்தார்கள், ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பயிர், சர்வே எண், கிராமம் மூன்றும் சரியா? நெல்லுக்கு வாழை என்று பதிந்திருந்தால் இழப்பீட்டு நேரத்தில் உங்கள் பெயரே வராது. வங்கியின் தவறுக்கு வங்கியே பொறுப்பு என்று விதி இருக்கிறது. ஆனால் அதைக் காட்ட உங்கள் கையில் தாள் வேண்டும்.

நல்லேப்பிள்ளியிலிருந்து: பிஆர்எஸ்ஸை வங்கியில் கொடுத்தால் கடன் பத்திரத்தில் கையெழுத்து கேட்கிறார்கள். என் நெல்லுக்கு நான் ஏன் கடன்காரன் ஆகணும்?

கேட்க வேண்டிய கேள்வி. சப்ளைகோவுக்காக (நெல் கொள்முதல் செய்யும் கேரள அரசு நிறுவனம்) ஆலைக்காரர் நெல்லை ஏற்றிப் போனதும் உங்களுக்குக் கிடைக்கும் ரசீதுதான் பிஆர்எஸ். அரசு கையில் அப்போது பணம் இல்லை. நெல் அரிசியாகி, ரேஷனுக்குப் போய், கணக்கு டெல்லிக்குப் போய், அங்கிருந்து ஆதார விலைப் பங்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் வங்கி உங்கள் பெயரில் கடனாகக் கொடுக்கிறது. அசலும் வட்டியும் சப்ளைகோ கட்டும், அரசு உத்தரவாதம் உண்டு.

தாளில் எல்லாம் சரிதான். சப்ளைகோ கட்டத் தாமதித்தால் சிபில் கடன் மதிப்பெண்ணில் அடிபடுவது யார் பெயர்? பிள்ளை படிப்புக் கடனுக்குப் போனபோது நிலுவையில் கடன் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்கள் சமிதியிலேயே உண்டு. அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: கடன் தீர்ந்ததும் தீர்ந்தது என்று எழுத்தில் வாங்குங்கள். பிஆர்எஸ் நகல் எடுத்து வையுங்கள். லாரி கிளம்பும் முன்பே எடைச் சீட்டைப் படம் பிடியுங்கள். இதை இன்னும் சொல்வேன்.

பெருமாட்டியிலிருந்து: பணம் எப்போது வரும்?

வங்கியில் கேளுங்கள். பிஆர்எஸ் பாஸ் ஆகிவிட்டதா என்பதை முதலில் பாருங்கள்.

மீனாட்சிபுரத்திலிருந்து: டெல்லி வருடா வருடம் ஆதார விலையை ஏற்றுகிறது என்கிறார்கள். நமக்கு அதே விலைதானே வந்தது?

கணக்கைப் பாருங்கள். 2022-23-இல் கிலோவுக்கு மத்திய விலை 20.40, மாநிலம் போட்டது 7.80, மொத்தம் 28.20. அடுத்த வருடம் மத்தியம் 21.83, மாநிலம் 6.37. மொத்தம் 28.20. 2024-25-இல் மத்தியம் 23.00, மாநிலம் 5.20. கூட்டிப் பாருங்கள், அதே 28.20. மேலே ஏற்றியதை இங்கே இறக்கி மூன்று வருடம் ஓட்டினார்கள். உரம், டீசல், அறுப்பு மெஷின் வாடகை எதுவும் அப்படி நிற்கவில்லை. 2025 அக்டோபர் கடைசியில்தான் 30 ரூபாய் என்று அறிவித்தார்கள்: மத்தியம் 23.69, மாநிலம் 6.31. வேறு பல மாநிலத்தைவிட இது அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏற்றியது யார், இறக்கியது யார் என்று விவசாயிக்குத் தெரிய வேண்டாமா?

ஆலத்தூரிலிருந்து: வெளிப்படையாகவே கேட்கிறேன். எல்லையில் இருக்கும் நீங்கள் தமிழ்நாட்டு நெல்லைக் கொண்டுவந்து சப்ளைகோவில் தள்ளுகிறீர்கள். அதனால்தான் எங்களுக்குப் பணம் இழுக்கிறது.

இது வரும் என்று தெரியும். விலை வித்தியாசம் உண்மை. 2025-26-க்குத் தமிழ்நாட்டில் சாதா ரகம் குவிண்டால் 2,500, சன்ன ரகம் 2,545. இங்கே 3,000. ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் இருந்தால் வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாக மூட்டை வரத்தான் பார்க்கும். ஆனால் ரெண்டு ஏக்கர்காரன் எப்படிக் கொண்டுவருவான்? பதிவுக்கு வரி ரசீது வேண்டும், கிருஷி பவன் பரப்பைச் சரிபார்க்கும், ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று உச்சவரம்பும் உண்டு. செய்ய முடிந்தவர் வியாபாரி. விளையாத வயலின் பதிவை வாடகைக்கு எடுப்பவர். அவரைப் பிடியுங்கள், நானும் கூட வருகிறேன். பணம் தாமதம் ஆவதற்குக் காரணம் அது இல்லை, மேலே சொன்ன கடன் ஏற்பாடு.

ஆனைமலையிலிருந்து: அண்ணா, எங்களை ஏன் இழுக்கிறீர்கள்? உங்கள் ஆட்கள்தான் சப்ளைகோவுக்குக் காத்திருக்க முடியாமல் ரொக்கத்துக்கு எங்கள் பக்கத்து வியாபாரியிடம் விற்கிறார்கள்.

அதுவும் நடக்கிறது தம்பி. 2025 அக்டோபரில் நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி தர முடியாது என்று ஆலைகள் ஒதுங்கி நின்றன. அறுத்த நெல் மழைக்கு நடுவே களத்தில் கிடந்தது. உலர்த்த இடமில்லாதவன் வந்த விலைக்குத்தான் கொடுப்பான். அதே நெல் வேறொரு பெயரில் திரும்பி வந்து 30 ரூபாய் வாங்குகிறதா என்பதுதான் ஆலத்தூர்க்காரர் கேட்க வேண்டிய கேள்வி.

ஆலத்தூரிலிருந்து மறுபடியும்: அப்படியானால் திருட்டு நடக்கிறது என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

நடக்க வழி இருக்கிறது என்றேன். எல்லை விவசாயி திருடன் என்று நீங்கள் சொன்னீர்கள். ரெண்டும் ஒன்றில்லை.

கொல்லங்கோட்டிலிருந்து: இவர்கள் சண்டை இருக்கட்டும். ஆலை ஏஜென்ட் குவிண்டாலுக்கு நாலைந்து கிலோ கிழிவு, அதாவது எடையில் கழிவு, கேட்கிறார். கொடுக்கணுமா?

ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள், பதர் தூற்றிச் சுத்தமான நெல் என்றால் கிழிவு கொடுக்க வேண்டியதே இல்லை. ஈரம் இருந்தால் உலர்த்திக் கொடுங்கள். மீட்டரில் நீங்களே பாருங்கள். கிழிவு கழித்த எடையைத்தான் பிஆர்எஸ்ஸில் எழுதுவார்கள், கழித்தது எங்கேயும் பதிவாகாது. அதனால்தான் எடைச் சீட்டுப் படம். சப்ளைகோவின் நெல் அலுவலரை அப்போதே கூப்பிடுங்கள். லாரி கிளம்பின பிறகு கூப்பிட்டுப் பயனில்லை.

கோபாலபுரத்திலிருந்து: வீடு தமிழ்நாட்டில், நாலு ஏக்கர் குத்தகை கேரளத்தில். பதிய முடியுமா?

நிலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பதிவு, வீடு பிரச்சினை இல்லை. குத்தகைதான் சிக்கல். கேரளத்தில் புதிதாகக் குத்தகைக்கு விடுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை, அதனால் உடைமைக்காரர் எழுதித் தரப் பயப்படுவார். அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வரி ரசீது நகலும் இல்லாமல் விதைக்காதீர்கள். பணம் அவர் கணக்குக்கு வந்து அவர் தருவார் என்ற வாய்ப்பேச்சை நம்பிப் போனவர்கள் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

முதலமடையிலிருந்து: பன்றி, மயில் சேதத்துக்குக் காப்பீடு உண்டா?

2026 காரிஃபிலிருந்து காட்டு விலங்கு சேதமும் ஃபசல் பீமாவில் கூடுதல் பிரிவாக வருகிறது. எந்த விலங்கு, எந்த வட்டாரம் என்பதை மாநிலம் அறிவிக்க வேண்டும். 72 மணி நேரம், படத்தோடு. பன்றியைச் சுட உத்தரவு தரும் அதிகாரத்தை 2022-இல் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கொடுத்தார்கள். மயிலைத் தொடாதீர்கள், ஜெயில்.

வடகரப்பதியிலிருந்து: தென்னை வெள்ளை ஈ?

என் துறை இல்லை. கிருஷி பவன்.

பட்டஞ்சேரியிலிருந்து: பிஆர்எஸ் பணம் எப்போது வரும்?

மேலே பாருங்கள்.

ஒழலப்பதியிலிருந்து: பணம் எப்போது...

மேலே.

வேலந்தாவளத்திலிருந்து: நாளைக் காலையில் என் வயலில் அறுப்பு. ஏஜென்ட் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி, எடையைப் பிறகு எழுதிக்கொள்கிறேன் என்கிறார். தெரிந்த பையன்தான்.

போடாதீர்கள். தெரிந்த பையனாக இருந்தால் எடை போடும்வரை நிற்கட்டும். டீ வாங்கிக் கொடுங்கள். எடையும் சாக்கு எண்ணிக்கையும் எழுதின பிறகு கையெழுத்து, உடனே படம். நாளைக் காலையில் உங்கள் வயலில் அறுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். லாரி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.