200 மரபணுக்களைக் கொடுத்தேன், ஒன்றைக்கூடத் தொடவில்லை

கேள்வி: கணினி அறிவியல் படித்தவள் நான். நோய் எதிர்ப்பு மண்டலம் சார்ந்த மருந்துகளைத் தேடும் குழுவில் கணினி உயிரியலாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. குடலில் நாள்பட்ட அழற்சி உண்டாக்கும் குரோன் நோய் உள்ளவர்களின் குடல் செல் டேட்டாவை அலசி, செயல்பாட்டு அளவு கூடியிருக்கும் 200 மரபணுக்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். லேபில் யாரும் ஒன்றைக்கூடச் சோதிக்கவில்லை. என் கணக்கில் தப்பில்லை. அப்புறம் ஏன்?

பதில்: கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஒரு மரபணுவைச் சோதிக்கவே லேபில் ஒருவருக்கு வாரக்கணக்கில் ஆகும். 200ஐக் கொடுத்துவிட்டு எதில் தொடங்குவது என்று சொல்லாவிட்டால் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நானும் போயிருப்பேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அளவு கூடியிருப்பதாலேயே ஒன்று நோய்க்குக் காரணமாகிவிடாது. உங்கள் குரோன் நோயிலேயே இதற்குக் கதை இருக்கிறது. அழற்சி கண்ட குடலில் இன்டர்லூக்கின்-17 என்ற நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சமிக்ஞை மூலக்கூறு கூடுதலாக இருக்கும். அதைத் தடுக்கும் செகுகினுமாப் மருந்தைக் குரோன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வெளியான முடிவு: பலன் இல்லை, பக்க விளைவுகளும் போலி மருந்து பெற்றவர்களைவிட அதிகம். அதே மருந்து சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு நன்றாக வேலை செய்து, 2015இல் அமெரிக்காவில் அனுமதியும் பெற்றது. குடலில் அந்த மூலக்கூறு உட்சுவரைக் காக்கவும் பூஞ்சையை அடக்கவும் உதவுகிறது. தீயணைப்பு வண்டி நிற்கும் இடத்தில் எல்லாம் தீ எரிகிறது என்பதற்காக வண்டியைப் பிடித்து உள்ளே போட முடியுமா?

அதனால் பட்டியலை மனித மரபியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டைக்-2 மரபணுவின் வேகத்தைக் குறைக்கும் ஒரு மாறுபாட்டோடு பிறந்தவர்களுக்குச் சொரியாசிஸ் வரும் வாய்ப்பு குறைவு. அந்த மரபணு உருவாக்கும் புரோட்டீனைத் தடுக்கும் டியூக்ராவாசிடினிப் மருந்து 2022இல் சொரியாசிஸுக்கு அனுமதி பெற்றது. இப்படி இயற்கையே செய்துவைத்த சோதனை உங்கள் பட்டியலில் எதற்காவது இருக்கிறதா?

இன்னொன்று, ஒரு நாள் முழுக்க லேபில் உட்கார்ந்து, குடல் திசுவை நொதி ஊற்றிச் செல்களாகப் பிரிப்பதைப் பாருங்கள். அந்தச் சூட்டிலும் அலைக்கழிப்பிலுமே ஃபாஸ், ஜூன் போன்ற மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். உங்கள் 200இல் அவை இருந்தால் அது நோயின் குரலா, லேபின் குரலா என்று யோசிக்க வேண்டும். நோயாளிகளின் மாதிரிகளை ஒரு நாளும் மற்றவர்களுடையதை இன்னொரு நாளும் பிரித்திருந்தால் இன்னும் மோசம். எந்த நிரலாலும் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. (செல்களைப் புள்ளிகளாகக் காட்டும் யூமேப் படத்துக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் பாதி இதற்குப் போதும்.)

பிறகு மூன்றே மூன்று மரபணுக்களோடு போங்கள். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம்: எந்த செல்லில் இருக்கிறது, தடுத்தால் எது மாற வேண்டும், எந்த முடிவு வந்தால் இதைக் கைவிடலாம். கடைசிக் கேள்வியைத்தான் லேப்காரர்கள் முதலில் படிப்பார்கள். மின்னஞ்சலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய், "இதில் எது உங்களுக்கு அபத்தமாகப் படுகிறது?" என்று கேளுங்கள். ஒன்றாவது அடிபடும். மீதி இரண்டைப் பற்றி அவர்களே பேச ஆரம்பிப்பார்கள்.