கீசரை அணைத்தால் மிச்சமாகுமா? – தென்னாப்பிரிக்க வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் 150 லிட்டர் கீசர் இருக்கிறது. இரவு படுக்கப் போகும்போது அதை அணைத்துவிட்டு விடியற்காலை நான்கு மணிக்குப் போட்டால் மின்சாரம் நிறைய மிச்சமாகும் என்று மகன் சொல்கிறான். ஆறிய தண்ணீரை மறுபடி சுடவைப்பதற்குத்தான் அதிக மின்சாரம் பிடிக்கும், ஆகவே அணைக்காமல் விடுவதே மேல் என்கிறார் என் கணவர். ஆடி பிறந்ததிலிருந்து இந்த வாக்குவாதம் ஓயவில்லை. யார் சொல்வது சரி?
– சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: அம்மா, உங்கள் கணவர் சொல்வது தவறு. மகன் சொல்வது சரிதான், ஆனால் அவர் நினைக்கிற அளவுக்கு இல்லை.

அடியில் ஓட்டை விழுந்த பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானை நிறைந்திருக்கும்போது தண்ணீர் வேகமாக ஒழுகும், மட்டம் இறங்க இறங்க ஒழுக்கும் குறையும். கீசரிலிருந்து சூடு வெளியேறுவதும் இப்படித்தான். உள்ளே இருக்கும் தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு சூடு ஒவ்வொரு மணி நேரமும் போய்க்கொண்டிருக்கிறது. அணைத்து வைத்தால் தண்ணீர் சற்றே ஆறுகிறது, ஆறியதால் இழப்பும் சற்றே குறைகிறது. மறுபடி போடும்போது, போன சூட்டைத்தான் திரும்பக் கொடுக்கிறோமே தவிர, அதற்கு மேல் ஒரு துளியும் கொடுப்பதில்லை. எனவே அணைத்து வைப்பதால் செலவு ஒருபோதும் அதிகமாகாது.

எவ்வளவு குறையும் என்பதுதான் அடுத்த கேள்வி. 150 லிட்டர் கீசர் ஒன்று, யாரும் குழாயைத் திறக்காவிட்டாலும், அதன் வயதையும் உறையின் தடிப்பையும் பொறுத்து நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டரை யூனிட் வரை வெறும் சூடாகவே இழக்கிறது. இரண்டு யூனிட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் தண்ணீர் மணிக்கு அரை டிகிரிதான் ஆறுகிறது. இரவு எட்டு மணி நேரம் அணைத்து வைத்தாலும் 60 டிகிரித் தண்ணீர் விடியும்போது 56 டிகிரியில் இருக்கும். இந்த நான்கு டிகிரியால் மிச்சமாவதைக் கொண்டு கெட்டிலில் ஒரு கோப்பைத் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கலாம், அவ்வளவுதான். அதற்காக உங்கள் மகன் நாலு மணிக்கு எழுந்திருப்பது அவருடைய விருப்பம்.

மாறாக, காலையில் எல்லோரும் குளித்து முடித்துத் தொட்டியில் பெரும்பாலும் குளிர்ந்த நீரே நிறைந்திருக்கும்போது அணைத்துவிட்டு, மாலையில் தேவைக்குச் சற்று முன்பு போடுங்கள். பகல் முழுவதும் தொட்டி குளிர்ந்தே கிடப்பதால் ஏறத்தாழ அரை யூனிட் மிச்சமாகும். டிபி எனப்படும் மின்பகிர்வுப் பெட்டிக்குள் ஒரு டைமர் பொருத்திவிட்டால் யாரும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறக்கவேண்டாம். வெதுவெதுப்பான தேக்க நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும்.

ஆனால் உண்மையான செலவு குளியலில் இருக்கிறது. வாயகன்ற ஷவரில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் கொட்டுகிறது. குழாயில் 20 டிகிரியில் வரும் தண்ணீரை 40 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு நிமிடக் குளியலுக்குக் கிட்டத்தட்டக் கால் யூனிட் ஆகிறது. வீட்டில் ஐந்து பேர் இருந்து, ஆளுக்கு மூன்று நிமிடம் குறைத்தால் நாளொன்றுக்கு மூன்றரை யூனிட். தமிழ்நாட்டில் ஆடி என்றால் காற்று, நமக்கோ ஆடியில்தான் குளிர். மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சுகிற விடியலில் குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கிறது. அந்த நேரத்தில் ஷவருக்குள் நுழைந்த பிள்ளைகளை வெளியே வரவைப்பது எப்படி என்பதற்கு மின்னியலில் பதில் இல்லை. நிமிடத்துக்கு ஏழு லிட்டருக்குள் விடும் ஷவர்தலையாக மாற்றிவிட்டால், அவர்கள் அறியாமலேயே கால் பங்குக்கு மேல் குறையும்.

கேள்வி: மின்வெட்டு நின்றுவிட்டது போலத் தெரிகிறது. ஆனாலும் எங்கள் பகுதிக் கடைக்காரர், இப்போதே லித்தியம் பேட்டரியோடு இன்வெர்ட்டர் வாங்கிவிடுங்கள் என்கிறார். விலை குறைந்த லெட் ஆசிட் பேட்டரியே போதும் என்பது என் தம்பியின் கட்சி. தற்போது என்னிடம் ஒரு பழைய டிராலி இன்வெர்ட்டர் இருக்கிறது, சாமி விளக்கு மேடைக்குக் கீழே வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?
– ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: முதலில் அந்த டிராலியை இன்றைக்கே விளக்கு மேடைக்கடியிலிருந்து நகர்த்துங்கள். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு பிறக்கிறது. மூடிய வகையாக இருந்தாலும், சார்ஜர் பழுதாகி அளவுக்கு மீறி ஏற்றினால் வால்வு வழியே வாயுவை வெளிவிடும். எரியும் திரிக்குக் கீழே அது இருக்கக்கூடாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த நாட்டில் 2007இன் கடைசியிலும் 2008 சனவரியிலும் தொடங்கிய மின்வெட்டு, 2023இல் ஆண்டின் முந்நூறு நாட்களுக்கும் மேல் நம்மை வாட்டியது. 2024 மார்ச் 26க்குப் பிறகு பத்து மாதம் ஓய்ந்திருந்து, 2025 சனவரி 31 அன்று திரும்பி வந்தது. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போது நேராக ஆறாம் நிலையில்தான் கண்விழித்தோம் (நிலை எண் ஏற ஏற வெட்டும் கூடும்). 2025 மே மாத நடுப்பகுதிக்குப் பிறகு அந்தக் குளிர்காலத்தில் மின்வெட்டால் விளக்கு அணையவில்லை. எனவே ‘நின்றுவிட்டது’ என்றும் சத்தியம் செய்யமுடியாது, கடைக்காரரைப் போல அச்சமூட்டுவதும் நியாயமில்லை.

பேட்டரி வகையைப் பொறுத்தவரை உங்கள் தம்பியின் கட்சியில் நானும் ஒருகாலத்தில் இருந்தேன், அதற்கு விலையும் கொடுத்தேன். மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஒரு கடையில் நான்கு லெட் ஆசிட் பேட்டரிகள் வாங்கினேன். ஐந்து ஆண்டு உழைக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். பதினான்காவது மாதத்தில் கராஜுக்குள் போய்ப் பார்த்தால், இரண்டு பெட்டிகளின் பக்கச்சுவர் சப்பாத்தி உப்பியதுபோல் வீங்கியிருந்தது, முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. கடையில் கேட்டபோது, நான் பேட்டரியை ‘அதிகம் பயன்படுத்திவிட்டேன்’ என்றார்கள்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை, விற்கும்போது சொல்லியிருக்க வேண்டியதைத் திரும்பக் கொண்டுபோனபோது சொன்னார், அதுதான் குறை. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் லெட் ஆசிட் பேட்டரியில் இருப்பது 1.2 யூனிட் என்றாலும், அதில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் ஆயுள் சடசடவென்று குறையும். மறுபடி முழுதாக நிறைய எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும், அதிலும் கடைசி ஐந்தில் ஒரு பங்கு மிக மெதுவாகத்தான் ஏறும். ஆறாம் நிலையில் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே அவ்வளவு நேரம் யாருக்குக் கிடைத்தது? முழுதாக நிறையாமலே மறுபடி மறுபடி வடிந்த பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட்டுப் படிகம் இறுகிப்போகிறது. இறுகியது கரைவதில்லை. போதாததற்கு டர்பன் கராஜின் பிப்ரவரி வெக்கையும் சேர்ந்துகொண்டது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை எடுக்கலாம், இரண்டு மூன்று மணி நேரத்தில் நிறைந்துவிடும், அரைகுறையாக நிறைந்தாலும் கெடாது, ஆயிரக்கணக்கான சுற்றுகள் தாங்கும். உள்ளே இருக்கும் மேலாண்மைச் சுற்று, எல்லை மீறினால் தானே துண்டித்துக்கொள்ளும். எனவே தினமும் உழைக்கவேண்டிய பேட்டரி என்றால் லித்தியம்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஆனால் உங்கள் பேட்டரி தினமும் உழைக்கப்போகிறதா? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: ரவுட்டர் 12 வாட், எல்இடி விளக்கு நான்குக்கு 36 வாட், தொலைக்காட்சி 80 வாட், மடிக்கணினி 45 வாட். கூட்டினால் 173 வாட், இரண்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு யூனிட். எப்போதோ ஒருமுறை வரும் வெட்டுக்கு இது மட்டும் போதும் என்றால், கையிலிருக்கும் டிராலியின் பேட்டரி இன்னும் தாங்குகிறதா என்று சோதித்துவிட்டுச் சும்மா இருங்கள். நம் பகுதிகளில் இப்போது பலரையும் படுத்துவது கேபிள் திருட்டும் துணைமின்நிலையப் பழுதும்தான். அவை பத்து மணி நேரமும் ஒரு நாளும் நீடிக்கும்போது சின்னப் பேட்டரி எதுவும் கைகொடுக்காது, அடுப்புக்கு ஒரு 9 கிலோ கேஸ் சிலிண்டர்தான் உதவும்.

கூரையில் சூரியத் தகடுகளும் போட்டு, பகல் மின்சாரத்தைச் சேமித்து மாலையில் செலவிடும் எண்ணம் இருந்தால் கணக்கே வேறு. அரசு மின்நிறுவனமான எஸ்கோமின் நேரடி வாடிக்கையாளர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் கட்டணம் 12.74 சதவீதம் ஏறியது, அந்த ஜூலையிலிருந்து மாநகராட்சிக் கட்டணங்களும் ஏறின. பேட்டரி நாள்தோறும் நிறைந்து வடிந்தால்தான் போட்ட பணம் திரும்பும். டிபியோடு நிரந்தரமாக இணைக்கும் எதுவானாலும் பதிவுபெற்ற மின்பணியாளரிடம், வேலை விதிப்படி நடந்தது என்ற சிஓசி சான்றிதழ் வாங்கி, மாநகராட்சியிலும் பதிவு செய்துவிடுங்கள். தீ விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

கேள்வி: கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் காணொளியில், சூரியத் தகடு தெற்கு நோக்கித்தான் இருக்கவேண்டும் என்று அடித்துச் சொல்கிறார். எங்கள் பணியாளர் வடக்கு என்கிறார்.
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: இருவரும் அவரவர் ஊருக்குச் சரி. கோயம்புத்தூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரியில் இருக்கிறது. நாம் தெற்கே கிட்டத்தட்ட 30 டிகிரியில் இருக்கிறோம். நமக்குச் சூரியன் வடக்குவானில் நகர்கிறது. உங்கள் கூரை கிழக்கும் மேற்குமாகச் சரிந்திருந்தாலும் கவலை வேண்டாம், மொத்த விளைச்சல் சற்றுக் குறைந்தாலும் மேற்குச் சரிவு மாலை சமைக்கும் நேரத்துக்குக் கைகொடுக்கும். பக்கத்து வீட்டு மாமரத்தின் நிழலுக்குத்தான் அஞ்சவேண்டும்.

கேள்வி: அம்மா காலமான பிறகு, அவர் இருந்த பின்கட்டு வீடு ஓராண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்தது. இப்போது திறந்து, அவருடைய கைப்பையில் இருந்த பயன்படுத்தாத மின்டோக்கன் சீட்டின் (முன்பணம் கட்டி மின்சாரம் வாங்கும் சீட்டு) எண்ணை மீட்டரில் அழுத்தினால் ஏற்கவில்லை. புதிதாக வாங்கிய டோக்கனும் ஏறவில்லை. மீட்டர் கெட்டுவிட்டதா?
– டோங்காட் வாசகி

பதில்: பெரும்பாலும் கெட்டிருக்காது அம்மா, அதன் காலக்கணக்கு முடிந்துவிட்டது. நீங்கள் அழுத்தும் 20 இலக்கத்துக்குள், அந்த டோக்கன் எந்த நிமிடத்தில் உருவானது என்பதும் மறைந்திருக்கிறது. 1993 சனவரி 1 முதல் எண்ணப்படும் அந்த நிமிடங்களுக்கு 24 பிட் இடம்தான் ஒதுக்கப்பட்டது. அதில் 1,67,77,216 நிமிடங்கள், அதாவது ஏறத்தாழ 31 ஆண்டு 11 மாதம் அடங்கும். 2024 நவம்பர் 24 அன்று அது நிறைந்தது. ஒரே சீட்டை இரண்டு முறை பயன்படுத்தும் மோசடியைத் தடுக்க, மீட்டர் பழைய டோக்கன்களை நினைவில் வைத்திருக்கும். எண்ணிக்கை மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கியதும், புதிய டோக்கனையும் பழையது என்றே நினைத்துத் தள்ளிவிடுகிறது.

இதற்காகவே அந்தத் தேதிக்கு முன் எல்லா வீட்டிலும் இரண்டு தனி 20 இலக்க எண்களை மீட்டரில் அழுத்தச் சொன்னார்கள். பூட்டிக்கிடந்த வீட்டில் யார் அழுத்துவார்? மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு மாநகராட்சி மின்பிரிவுக்குப் போங்கள். அந்த இரண்டு எண்களையும் கொடுத்த வரிசையிலேயே அழுத்தினால் புதிய டோக்கன்களைப் படிக்கும் மறைச்சாவி மீட்டருக்குக் கிடைத்துவிடும். மீட்டரில் ஏற்கெனவே ஏறியிருக்கும் யூனிட்டுகள் போகாது. ஆனால் கைப்பையில் இருந்த சீட்டு இனி உதவாது. அம்மாவின் நினைவாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். புதிய கணக்கு 2014இலிருந்து எண்ணப்படுவதால், அடுத்த தொல்லை 2045இல்தான்.

கேள்வி: புதிய இன்வெர்ட்டரின் விவரங்களைக் கைபேசிச் செயலியில்தான் பார்க்கமுடிகிறது. இணையம் நின்றால் ஒன்றும் தெரிவதில்லை. நாளை அந்த நிறுவனம் செயலியை மூடிவிட்டால் கருவி நின்றுபோகுமா?
– லெனேசியா வாசகர்

பதில்: சாதாரணமாக நிற்காது. இன்வெர்ட்டர் தன் வேலையைத் தானே செய்கிறது. அதில் செருகியிருக்கும் வைஃபை துண்டு, அளவுகளை வெளிநாட்டில் இருக்கும் சர்வருக்கு அனுப்புகிறது, உங்கள் செயலி அங்கிருந்து வாங்கிக் காட்டுகிறது. பத்தடி தள்ளிச் சுவரில் தொங்கும் பெட்டியின் நிலையை அறியக் கடல்கடந்து போய்வரவேண்டியிருப்பது எனக்கும் உவப்பானதில்லை. பல இன்வெர்ட்டர்களில் ஆர்எஸ்485 என்ற துளை இருக்கும். அதன்வழி மோட்பஸ் முறையில் வீட்டுக் கணினியே நேரடியாகப் படிக்கலாம். வாங்குமுன் அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. செயலியில் உங்கள் இன்வெர்ட்டர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பொருத்த வருகிறவர் அவசரத்தில் தன் கணக்கிலேயே பதிந்துவிட்டுப் போய்விடுகிறார். ஓராண்டு கழித்து அவர் தொழிலையே விட்டுவிட்டால், உங்கள் வீட்டுக் கருவியின் அமைப்பை மாற்ற உங்களுக்கே அனுமதி இராது. எனக்கு அப்படி நேர்ந்து, உரிமையை மாற்றி வாங்க மூன்று மாதம் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் நீங்கள் இருப்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன். லித்தியம் பேட்டரியைச் சுழியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்வது அதற்குக் கேடு. உங்கள் ஊர் ஜூலை இரவுகளில் வெளிச்சுவரில் மாட்டிய பேட்டரிக்கு அந்த நிலை வரலாம், கடற்கரையிலிருக்கும் எங்களுக்கு வராது. பேட்டரியை வீட்டுச் சுவருக்கு உட்புறமாக வையுங்கள். சார்ஜ் வோல்ட், துண்டிக்கும் அளவு, சார்ஜ் ஆம்பியர் முதலிய அமைப்புகளைத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு தாளில் எழுதிவிடுங்கள். என் வீட்டில் அந்தத் தாள் டிபி பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. அதன் கீழே மிச்சமிருந்த இடத்தில் என் மனைவி கேஸ் கடையின் தொலைபேசி எண்ணை எழுதி வைத்திருக்கிறார்.