நீந்தும்போதே மயக்கம் வந்தால், போட்டிக்கு முன் ஒரு ஈசிஜி

கேள்வி: என் மகளுக்கு 10 வயது, மகனுக்கு 7. அடுத்த மாதம் சென்னைக்குப் பக்கத்தில் ஈசிஆரில் நடக்கும் சிறுவர் டிரையத்லானில் இருவரும் கலந்துகொள்கிறார்கள். மகளுக்கு 100 மீட்டர் நீச்சல், 4 கிலோமீட்டர் சைக்கிள், 1 கிலோமீட்டர் ஓட்டம். அதையொட்டி மாமல்லபுரத்தில் குடும்பத்தோடு இரண்டு நாள் தங்க அறை போட்டுவிட்டோம். ஓடும்போது அவளுடைய ஸ்மார்ட் வாட்ச் இதயத் துடிப்பு 198 என்று காட்டுகிறது. நெட்டில் அதைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. ஓடினால் விலாவில் குத்துகிறது, ராத்திரியில் கால் வலிக்கிறது, நீந்தி வந்தால் கண் சிவக்கிறது. இவ்வளவு பயிற்சி செய்தால் உயரம் நின்றுவிடுமா? மூன்று வாரத்துக்கு முன் நீச்சல் குளத்தில் பாதித் தூரத்தில் மயங்கிவிட்டாள். கோச் வெளியே தூக்கிப் போட்டதும் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிட்டாள். வெறும் வயிற்றில் போனதுதான் காரணம் என்றார்கள். காரில் வாந்தி எடுப்பாள் என்பதால் ஆன்டான்செட்ரான் சிரப்பும், போன முறை சளிக்கு வாங்கி மிச்சமிருக்கும் அசித்ரோமைசினும் எடுத்து வைத்திருக்கிறேன். என் தம்பி 17 வயதில் பவானி ஆற்றில் போய்விட்டான். நன்றாக நீந்தத் தெரிந்தவன். அதிலிருந்து எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். எல்லாம் மனப் பிரமை என்கிறார் என் கணவர்.
வாசகி, ஈரோடு

பதில்: பிரமை இல்லை அம்மா. வாட்ச், விலாக் குத்தல், கால் வலி எல்லாவற்றையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு செய்திகளைச் சேர்த்துப் படியுங்கள். நீச்சல் தெரிந்த தம்பி ஆற்றில் போனான். நீச்சல் தெரிந்த மகள் குளத்தின் நடுவில் நினைவு தப்பினாள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாமலே இருக்கலாம். ஆனால் சம்பந்தம் இல்லை என்று ஒரு மருத்துவர் சோதித்துப் பார்த்துச் சொல்லும்வரை உங்கள் மகள் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஓட்டமும் சைக்கிள் பயிற்சியும் கூட வேண்டாம். கோச்சுக்கு இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

குழந்தைகள் மயங்கி விழுவது அபூர்வமான விஷயம் இல்லை. பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தில் வெயிலில் நிற்கும்போது விழுவார்கள். ஊசியைப் பார்த்ததும் விழுவார்கள். ஓட்டப் பந்தயத்தில் கோட்டைத் தாண்டிச் சட்டென்று நின்றதும் சிலர் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். ஓடும்வரை கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். நின்றவுடன் அது காலிலேயே தேங்கிவிடுகிறது, அவ்வளவுதான். இப்படி மயங்குகிற குழந்தை பெரும்பாலும் முன்கூட்டியே ஏதாவது சொல்லும்: கண் இருட்டுகிறது, வியர்க்கிறது, குமட்டுகிறது. பெரும்பாலும் பயப்பட ஏதும் இருக்காது.

கை கால் வேகமாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே, எந்த அறிகுறியும் இல்லாமல், ஸ்விட்சை அணைத்த மாதிரி நினைவு போவது வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போதோ நீந்திக்கொண்டிருக்கும்போதோ மயங்கிய குழந்தை என்று யார் வந்தாலும், காரணம் இதயம்தானோ என்று பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகே மற்றதைப் பற்றி யோசிப்போம்.

வெறும் வயிறு என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. சர்க்கரை குறைந்து நினைவு இழக்கும் குழந்தைக்கு அதற்கு முன்பே நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வந்திருக்கும். சர்க்கரை உள்ளே போகாமல் ஒரே நிமிடத்தில் தானாகத் தெளியாது. உங்கள் மகளுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை, தெளிந்துவிட்டாள். அப்படியானால் நின்றுபோன ஏதோ ஒன்று தானாகவே மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது. என் சந்தேகம் அதன் மேல்தான்.

இதயம் ஒவ்வொரு முறை துடித்த பிறகும், அடுத்த துடிப்புக்கு மின்சார ரீதியில் தன்னைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். இதயத்தின் மின்சாரத்தைக் கோடாக வரையும் ஈசிஜியில் இதைக் காட்டும் இடைவெளிக்கு க்யூடி என்று பெயர். சிலருக்குப் பிறவியிலேயே இந்த வேலை மெதுவாக நடக்கும். ஏறத்தாழ 2000 பேரில் ஒருவருக்கு இது உண்டு. உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. வேகமாக இயங்கி அட்ரினலின் சுரக்கும்போது, இதில் ஒரு வகைக்காரர்களுக்குக் குறிப்பாக நீந்தும்போது, துடிப்பு தாறுமாறாகி மூளைக்கு ரத்தம் போவது நின்றுவிடும். பெரும்பாலும் சில நொடிகளில் தானே சரியாகிவிடும். குழந்தை எழுந்து, என்ன ஆச்சு என்று கேட்கும். தரையில் இப்படி நடந்தால் முட்டி சிராய்க்கும். ஆற்றின் நடுவில் நடந்தால் நீரில் மூழ்கி இறந்தான் என்று எழுதி முடித்துவிடுவார்கள். பிரேதப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாது. கோளாறு மின்சாரத்தில்தான், இதயம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளை காரணம் புரியாமல் மூழ்கிப்போன குடும்பம் என்றால், மற்றவர்களுக்கும் ஈசிஜி எடுத்துப் பாருங்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். தம்பி எப்படிப் போனான் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. சுழலோ பாறையோ கூடக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் கேட்காமல் விடக்கூடிய கேள்வி இல்லை இது.

கோச்சிடம் இன்னொன்றும் கேளுங்கள். அன்றைக்குப் பிள்ளைகளைத் தண்ணீருக்கடியில் மூச்சுப் பிடிக்க வைத்தார்களா? யார் அதிக நேரம் தாக்குப்பிடிப்பார்கள் என்று விளையாட்டு ஏதும் நடந்ததா? நீந்துவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூச்சைப் பிடித்தால், மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பு வருவதற்கு முன்பே நினைவு போய்விடும். நல்ல இதயம் உள்ள குழந்தைக்கும் இது நடக்கும், உயிரையும் எடுக்கும். அப்படி நடந்திருந்தாலும் ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. 12 லீட் ஈசிஜி, சில நூறு ரூபாய்க்குள் முடியும். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் எடுக்கலாம். மெஷின் ‘நார்மல்’ என்று அச்சடித்துத் தருவதை மட்டும் நம்பித் திரும்பிவிடாதீர்கள். க்யூடியைக் கையால் அளந்து சொல்லும் மருத்துவர் பார்க்க வேண்டும், குழந்தைகள் இதய மருத்துவராக இருந்தால் இன்னும் நல்லது. கோவையில் இருக்கிறார்கள். அந்த ஈசிஜி நார்மலாகவே வந்தாலும் கதை முடியவில்லை. உட்கார்ந்திருக்கையில் சுத்தமாக இருந்து, ஓடும்போது மட்டும் வெளிப்படும் கோளாறும் உண்டு. அதனால் எக்கோ என்ற இதய ஸ்கேன், ஓட வைத்து ஈசிஜி எடுக்கும் டிரெட்மில் பரிசோதனை, தேவைப்பட்டால் 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்டர் என்று மருத்துவர் சொல்வார். எதற்கு இத்தனை டெஸ்ட் என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். உங்களுக்கும் உங்கள் மகனுக்கும் அதே நாளில் ஈசிஜி எடுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பையனும் போட்டியில் இறங்கப்போகிறான் என்பதை மறக்க வேண்டாம்.

இருக்கிறது என்றே வந்தால்? வைத்தியம் இருக்கிறது அம்மா, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நீச்சலில் வெளிப்படும் வகைக்கு, அட்ரினலின் இதயத்தை முடுக்காமல் தடுக்கும், தினமும் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. பள்ளிக்குப் போய், கல்யாணம் செய்து, பேரப் பிள்ளை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கண்டுபிடிக்காமல் விடுவதில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது.

இப்போது அந்த மருந்துப் பை. எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான், சொல்லிவிடுகிறேன். ஆன்டான்செட்ரான், அசித்ரோமைசின் இரண்டுமே க்யூடி இடைவெளியை நீட்டக்கூடியவை. சாதாரணக் குழந்தைக்கு மருத்துவர் அளவோடு கொடுத்தால் பிரச்சினை வருவது அரிது. நீந்தும்போது மயங்கிய குழந்தைக்கு, ஈசிஜி பார்க்காமல், அம்மாவே ஊற்றிக் கொடுப்பது ஆபத்து. இரண்டையும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். வாந்திக்குக் கொடுக்கும் டாம்பெரிடோனும் வேண்டாம், அதுவும் இதே ரகம். இத்தனைக்கும் கார் பயண வாந்திக்கு ஆன்டான்செட்ரான் கேட்காது. வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கு நல்ல மருந்து, உள்காதில் கிளம்பும் இந்தக் குமட்டலுக்கு அது ஆகாது. அசித்ரோமைசினோ ஆன்டிபயாடிக், சாதாரணச் சளிக்கு வேலையே செய்யாது. கலக்கி வைத்த சிரப் சில நாட்களில் வீரியமும் போய்விடும். மிச்ச மருந்தைப் பத்திரப்படுத்தும் பழக்கத்தை நம் வீடுகளில் எப்போது விடப்போகிறோம்? மருத்துவரைப் பார்க்கும்போது, மயங்குவதற்கு முந்தைய நாட்களில் இவற்றில் ஏதாவது கொடுத்தீர்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பையில் ஓஆர்எஸ் பாக்கெட், பாராசிட்டமால், பிளாஸ்டர் இருந்தால் போதும். காரில் பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்து நேராகச் சாலையைப் பார்த்து வரட்டும், செல்போனைக் கையில் கொடுக்காதீர்கள், இரண்டு இட்லியோடு கிளம்புங்கள், இடையிடையே நிறுத்துங்கள்.

மற்றவை. வேகமாக ஓடும் 10 வயதுக் குழந்தைக்குத் துடிப்பு 200-ஐத் தொடுவது இயல்பு. பெரியவர்களுக்கு எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள். அந்த வாட்சைக் கழற்றி வைத்துவிடுங்கள், மணிக்கட்டில் வெளிச்சம் அடித்து எண்ணும் கருவி தண்ணீரில் சரியாகவும் எண்ணாது. விலாக் குத்தலுக்கு, ஓடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் வயிறு நிறையச் சாப்பிடாமல் இருந்தால் போதும். ராத்திரியில் இரண்டு காலும் வலித்து, காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி குதித்தால் அது வளரும் வயதின் வலி. ஒரே கால் வலித்தாலோ வீங்கினாலோ காலையில் நொண்டினாலோ காட்டுங்கள். கண் சிவப்பதற்கு நல்ல நீச்சல் கண்ணாடி வாங்குங்கள். உயரம் குறையாது.

போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பரிசோதனைகள் முடிந்து, தாராளமாகப் போகலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சந்தோஷமாகக் கலந்துகொள்ளட்டும். அப்போதும் ஏற்பாட்டாளர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். குளத்தில் குழந்தைகளை மட்டுமே கவனிக்க ஆள் உண்டா? ஏஇடி என்ற மின் அதிர்ச்சிக் கருவி அங்கே இருக்கிறதா? 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் யூரோ கோப்பை ஆட்டத்தின் நடுவில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் சுருண்டு விழுந்தார். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அடுத்த ஆண்டே, உடலுக்குள் பொருத்திய கருவியோடு மறுபடி ஆட வந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருந்தால் அது நடந்திருக்காது. நீங்களும் உங்கள் கணவரும் கிளம்புவதற்கு முன் நெஞ்சை அழுத்தும் முதலுதவியை யாரிடமாவது நேரில் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீரிலிருந்து எடுத்த குழந்தை மூச்சு விடவில்லை என்றால், ஒருவர் 108-ஐ அழைக்கும்போதே இன்னொருவர் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்துவிட்டு, பிறகு நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்.

அதற்குள் பரிசோதனை முடியவில்லை என்றால் போட்டியை மட்டும் விடுங்கள், பயணத்தை விடாதீர்கள். அறைக்குக் கட்டிய பணமும் வீணாக வேண்டாம். மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறை இருக்கிறது, வரும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஒரு நாள் போதாது. கடலில் மட்டும் யாரையும் இறங்க விடாதீர்கள், உங்கள் கணவர் உட்பட. அந்தக் கரையில் அலை உள்ளே இழுக்கும், நீச்சல் தெரிந்தவர்களையும் இழுக்கும்.

மகளிடம், உனக்கு இதயத்தில் கோளாறு என்றெல்லாம் இப்போதே சொல்ல வேண்டாம். அன்றைக்கு ஏன் மயங்கினாய் என்று டாக்டர் பார்க்கப்போகிறார், பார்த்ததும் அடுத்ததை முடிவு செய்வோம் என்று சொல்லுங்கள். 10 வயதுக் குழந்தைக்கு அது புரியும். மயங்குவதற்கு முன் நெஞ்சு படபடத்ததா, கண் இருட்டியதா என்று அவளிடமே கேட்டு, அவள் சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள்.

அப்புறம், உங்கள் அம்மாவிடம் பேசுங்கள். அவருக்கு அது வலிக்கும், தெரிகிறது. இருந்தாலும் கேளுங்கள்: தம்பி சின்ன வயதில் எப்போதாவது ஓடும்போதோ பயந்தபோதோ மயங்கி விழுந்திருக்கிறானா? வலிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்களா? இந்த மயக்கத்தை வலிப்பு என்று நினைத்து வருடக்கணக்கில் மாத்திரை கொடுத்த பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மா வழியிலோ அப்பா வழியிலோ இளவயதில் திடீரென்று போனவர்கள் வேறு யாராவது உண்டா? அவர் சொல்வதையும் அதே தாளில் எழுதி, ஈசிஜியோடு சேர்த்து இதய மருத்துவர் கையில் கொடுங்கள். அவர் முதலில் படிக்க விரும்புவது அந்தத் தாளைத்தான்.