அந்த வெள்ளைப் புழுவை நசுக்காதீங்க: நன்மை செய்யும் பூச்சிகள், கேள்வி பதில்

ஈரோட்டுப் பக்கம் ஒட்டுண்ணி அட்டை, அதாவது பயிரைத் தின்னும் புழுவோட முட்டையை அழிக்கற குட்டிக் குளவி வளர்ற காகித அட்டை, தயாரிக்கிறது என் தொழில். போன வாரம் நன்மை செய்யும் பூச்சிகள் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்ததுல திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை விட்டுட்டு மத்ததுக்குப் பதில் எழுதியிருக்கேன்.

மாடித்தோட்டம், மதுரை: அக்கா, செம்பருத்தியில மாவுப்பூச்சி. சின்னதெல்லாம் குறைஞ்சிடுச்சு. ஆனா ஒரு சென்டிமீட்டர் நீளத்துல, வெள்ளையா நூல் நூலாத் தொங்கிக்கிட்டு ஒண்ணு ஓடிட்டே இருக்கு. தினமும் பத்துப் பதினஞ்சு நசுக்கறேன். தாய்ப்பூச்சியா அது?

அய்யோ, கையை எடுங்கம்மா! சின்னதெல்லாம் குறைஞ்சதே அதாலதான். அது கிரிப்டோலேமஸ்ங்கற பொறிவண்டோட புழு. மேல மெழுகு பூசி மாவுப்பூச்சி வேஷம் போட்டுக்கிட்டு, அதுங்க நடுவுலயே உக்காந்து தின்னும். அடையாளம் சுலபம்: மாவுப்பூச்சி மூணு, நாலு மில்லிமீட்டரைத் தாண்டாது, தொட்டாலும் மெதுவாத்தான் நகரும். இது அதைவிட ரெண்டு மூணு மடங்கு பெருசு, குச்சியால தட்டினா விறுவிறுன்னு ஓடும். வளர்ந்த வண்டு கறுப்பு, தலைப்பக்கமும் பின்பக்க நுனியும் ஆரஞ்சு. 1898லயே காபித் தோட்டத்துச் செதில் பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து நம்ம நாட்டுக்குக் கொண்டு வந்தாங்க. வந்த வேலையை அது பெருசாச் செய்யலை. மாவுப்பூச்சியைப் பிடிச்சுக்கிட்டு இங்கயே தங்கிடுச்சு.

இன்னொண்ணு, செடியில எறும்பு ஏறுதான்னு பாருங்க. மாவுப்பூச்சி விடற தேன் மாதிரியான கழிவுக்காக எறும்பு அதுக்குக் காவல் நிக்கும், பொறிவண்டை விரட்டும். தொட்டி ஸ்டாண்டோட காலுக்குக் கிரீஸ் தடவுங்க. பாதி வேலை அதுலயே முடிஞ்சுடும்.

திண்டுக்கல்: பொறிவண்டு நல்லதுன்னு சொல்றீங்க. என் கத்தரி இலையைச் சல்லடையாக்கினதே அதுதானே மேடம்?

கோபம் நியாயம்தான். அது அதே குடும்பத்துல பொறந்த எபிலாக்னா வண்டு, இலை தின்னி. நல்ல பொறிவண்டு முதுகு பாலிஷ் போட்டாப்பல பளபளக்கும். இது மங்கலா, செம்பு நிறத்துல, கிட்டப் பார்த்தா பூனைமயிர் தெரியும். புழு மஞ்சளா உடம்பெல்லாம் முள்ளோட இலைக்கு அடியில பச்சையத்தைச் சுரண்டும். காலையில வெயில் ஏறும் முன்ன கையால பொறுக்கி சோப்புத் தண்ணியில போடுங்க. இதை நசுக்கினா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.

கரும்பு விவசாயி, கரூர்: அம்மணி, இடைக்கணுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா அட்டை வாங்கிக் கட்டினேன். ஒண்ணுமே நடக்கலை. ஏமாத்திட்டாங்களா?

அட்டையில என்ன இருக்குன்னு முதல்ல சொல்லிடறேங்ண்ணா. கம்புக் குருணையும் நிலக்கடலைப் பொடியும் போட்ட தட்டுல நாங்க ஒரு அந்துப்பூச்சி வளர்ப்போம். அதோட முட்டையை அட்டையில ஒட்டி, டிரைக்கோகிரம்மாங்கற குட்டிக் குளவியை விட்டு அதுக்குள்ள முட்டை வைக்க விடுவோம். ஒரு சிசி அட்டையில கிட்டத்தட்ட 20,000 முட்டை. குளவி வெச்ச முட்டை மூணு நாலு நாள்ல கறுத்துடும். அதனால அட்டை கறுப்பா இருக்கணும். வெளிறிப்போய் மஞ்சளா இருந்தா வாங்காதீங்க. கறுத்த முட்டையிலயும் சின்னதா ஓட்டை விழுந்திருந்தா குளவி ஏற்கெனவே வெளிய போயிடுச்சுன்னு அர்த்தம், நீங்க காசு கொடுத்தது காலி அட்டைக்கு.

அட்டை நல்லதுன்னே வெச்சுக்குவோம். எத்தனை மணிக்குக் கட்டினீங்க? நான் முதல் வருஷம் எங்க தோட்டத்துல உச்சிவெயில்ல கட்டி, எல்லாம் வெந்து போச்சு. சாயங்காலம் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, இலைக்கு அடிப்பக்கம் ஸ்டேப்ளர் அடிங்க. மறுநாள் போய்ப் பாருங்க, அட்டை துடைச்சு வெச்ச மாதிரி இருந்தா எறும்பு தின்னுடுச்சு. முன்னாடி பின்னாடி ஒரு வாரம் மருந்து அடிச்சிருந்தாலும் அரை மில்லிமீட்டர் குளவி தாங்காது.

முக்கியமானது, இந்தக் குளவிக்கு முட்டை மட்டும்தான் இலக்கு. கரும்புக்குள்ள புகுந்துட்ட புழுவை அது எட்டிக்கூடப் பாக்காது. நாலாம் மாசத்துலயே ஆரம்பிச்சு, ஏக்கருக்கு ஒரு சிசி, 15 நாளுக்கு ஒருதரம் ஆறு தடவை. சேதத்தைக் கண்ணால பார்த்தப்புறம் வாங்கினா அட்டை மேல பழி போடக்கூடாது.

(தென்னைக் கருந்தலைப்புழுவுக்கு விடற பிரக்கான் குளவி எங்க அந்துப்பூச்சித் தட்டுக்குள்ள நுழைஞ்சா எங்களுக்குத் தலைவலி. புழுவையெல்லாம் கொட்டித் தீர்த்துடும். ஊருக்கு நல்லவன் எனக்கு எதிரி!)

நெல் விவசாயி, தஞ்சாவூர்: புகையானுக்கு மருந்தடிச்சேன். பத்து நாள்ல முன்னைவிட மோசம். ஏன்?

புகையான் நெல்லோட அடித்தூர்ல சாறு உறிஞ்சற பூச்சி, அதோட முட்டை இலை உறைக்குள்ள இருக்குங்கய்யா. மருந்து பெரும்பாலும் அதுல படாது. ஆனா தூர்ல திரியற ஓநாய்ச் சிலந்தியும், அந்த முட்டையைத் தேடிக் குத்தி உறிஞ்சற பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்துடும். அப்புறம் பொரிச்சு வர்ற குஞ்சுக்குக் கேக்க ஆளில்லை. செயற்கை பைரித்ராய்டு மருந்து அடிச்ச வயல்ல இதை நிறையப் பாக்கலாம். சிலந்தி இல்லாத வயல்ல தூருக்கு (ஒரு தண்டுக்கு) ஒரு பூச்சி இருந்தாலே நடவடிக்கை எடுக்கணும். குத்துக்கு (ஒரே இடத்துல நட்ட நாத்துக் கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தா தூருக்கு ரெண்டு வரைக்கும் பொறுக்கலாம்னு வேளாண் துறை கணக்கு. சிலந்தியை எண்ணாம மருந்துக் கடைக்குப் போகாதீங்க. இப்போதைக்குத் தண்ணியை வடிச்சு விடுங்க, பயிரை விலக்கி அடித்தூர்ல வெயில் படட்டும். அடுத்த போகம் எட்டடிக்கு ஒரு பட்டம் (நடக்கற அளவுக்கு இடைவெளி) விட்டு நடுங்க.

நாமக்கல்: மரவள்ளியில நுனி சுருண்டு மாவுப்பூச்சி. 2010ல பப்பாளிக்கு ஒரு குளவி விட்டாங்களே, அதுவே போதுமா?

போதாதுங்க. அப்ப வந்தது பப்பாளி மாவுப்பூச்சி. 2008ல கோயம்புத்தூர்ல தென்பட்டு பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு எல்லாத்தையும் பிடிச்சது. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசிரோபேகஸ் குளவி அதை அடக்கிச்சு. இப்ப நுனியைச் சுருட்டறது பெரும்பாலும் 2020ல கேரளாவுல முதல்ல பார்த்த மரவள்ளி மாவுப்பூச்சி. அதுக்குன்னு பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசி குளவியைக் கொண்டு வந்து, 2022லிருந்து வயல்ல விடறாங்க. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல கேளுங்க. விட்டப்புறம் சுருண்ட நுனியைப் பிரிச்சுப் பாருங்க. சில பூச்சி உப்பிப்போய், பழுப்பா, கெட்டியா, ஒரு வட்ட ஓட்டையோட இருந்தா குளவி வேலை செய்யுது.

சென்னை: ஆன்லைன்ல பொறிவண்டு விக்கறாங்களே, வாங்கலாமா?

பறந்து பக்கத்து வீட்டுக்குப் போயிடும். ஒரு தொட்டியில தட்டைப்பயறு போடுங்க. அதுல அசுவினி வரும், அடிக்காதீங்க. அதைத் தேடிப் பொறிவண்டு தானா வரும். பக்கத்துலயே கொத்தமல்லியைப் பூக்க விட்டா சிர்ஃபிட் ஈயும் வரும், அதோட புழு அசுவினியைத் தின்னும். இலவசம்.

கிருஷ்ணகிரி: மாதுளைக் குச்சியில தெர்மாகோல் கட்டி மாதிரி பழுப்பா ஒட்டியிருக்கு. நோயா?

கும்பிடு பூச்சியோட முட்டைக்கூடு. அப்படியே விடுங்க. கவாத்துல அந்தக் குச்சி வெட்டுப்பட்டா வேற கிளையில கட்டி விடுங்க. தேனீப் பெட்டி இருக்கற பக்கம் மட்டும் வேண்டாம், அது தேனீயையும் பிடிச்சுத் தின்னும்.