300 படிவம் இருந்தால் ஆய்வு ஆகிவிடுமா?

கேள்வி: எம்.ஏ. சமூகப்பணி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'பீடி சுற்றும் பெண்களின் உடல்நலம்' என்று தலைப்பு எடுத்து, 40 கேள்விகளுடன் படிவமும் தயார். இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் பீடிக் கடை வாசலில் நின்றால் ஒரே வாரத்தில் 300 பேரைப் பிடித்துவிடலாம் என்கிறாள் தோழி. ஆரம்பிக்கலாமா?
– ஒரு மாணவி, தென்காசி

பதில்: கொஞ்சம் பொறுங்கள். உடல்நலம் என்பது தலைப்புதான், ஆய்வுக் கேள்வி இல்லை. அதே ஊரில் அதே வயதில் பீடி சுற்றாத பெண்களைவிடச் சுற்றுகிறவர்களுக்கு முதுகுவலி அதிகமா? இது கேள்வி. இப்படிக் கேட்டவுடனே சுற்றாதவர்களிடமும் போக வேண்டும் என்பது புரிந்துவிடும், இல்லாவிட்டால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாராவது "வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கும்தானே முதுகு வலிக்குது?" என்று கேட்டால் முழிக்க வேண்டியதுதான்.

அப்புறம் அந்தக் கடை வாசல். அங்கே வருகிறவர்கள் இன்னும் சுற்ற முடிகிறவர்கள். இருமல், கண்பார்வை என்று வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கும் பெண் உங்கள் கணக்கில் வரவே மாட்டாள், ஆக எல்லாரும் ஓரளவு நலம் என்றுதான் முடிவு வரும். போதாததற்கு, கடைக்காரர் காதுபட 1000 பீடிக்கு என்ன கூலி என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்?

ஆள் எண்ணிக்கையைக் கூட்டினாலும் இது சரியாகாது. அமெரிக்காவில் 1936 ஜனாதிபதி தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டு சுமார் 1 கோடி பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்றது. அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். முகவரிகளில் பெரும்பகுதி டெலிபோன், கார் வைத்திருந்தவர்களுடையது, அதிலும் மெனக்கெட்டுப் பதில் போட்டவர்கள் கொஞ்சப் பேர். நீங்கள் தெருவாரியாக வீட்டுப் பட்டியல் எடுத்துக் குலுக்கிப் போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுங்கள். ஆள் குறைந்தாலும் பரவாயில்லை.

40 கேள்வி ரொம்ப அதிகம். கடைசியில் வரப்போகும் அட்டவணைகளை இப்போதே காலியாக வரைந்து பாருங்கள், எதிலும் இடம் கிடைக்காத கேள்வியை வெட்டிவிடலாம். மிச்சத்தைப் பத்துப் பேரிடம் சோதித்துப் பாருங்கள். 'கண் எரிச்சல், முதுகுவலி உண்டா?' என்று ஒன்றாகக் கேட்டிருந்தால், கண் மட்டும் எரிகிறவர் எந்தக் கட்டத்தில் டிக் போடுவார்?

படிவத்தில் எண் மட்டும் இருக்கட்டும், பெயர்கள் தனி நோட்டில். அன்றன்று வாங்கியதை அன்றிரவே எக்ஸெலில் ஏற்றிவிடுங்கள். மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமா என்று துறையில் இந்த வாரமே கேளுங்கள். தகவல் எடுத்து முடித்த பிறகு போய் நின்றால் தரமாட்டார்கள்.